கந்தகம் யாருடையது?

போன வாரம், நுண்ணோக்கி பழகும் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு வண்ணப்படம் அனுப்பியிருந்தார். ஏதோ ஒரு உலோகக் கலவை. அதில் நானோமீட்டர் அளவுத் துளைகள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பச்சை நிறத்தில் ஒரு வளையம். "மேடம், துளைகளைச் சுற்றி கார்பன் சேர்ந்திருக்கிறது, பாருங்கள்" என்று கீழே எழுதியிருந்தார். படம் அழகாகத்தான் இருந்தது. மாதிரியை மெலிதாக்கியது யார், அவர் இதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று திருப்பிக் கேட்டேன். பதில் உடனே வந்தது. "அவரிடம் கேட்கவில்லை மேடம். அவர் வெறும் மாதிரி தயாரிப்பவர்தான்."

அந்த 'வெறும்' என்ற சொல்லைப் படித்ததும் வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. காபி ஆறிப்போகும்வரை அந்தத் திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபத்தில் பாதிதான் அவர்மீது. மீதி என்மீது. அதே சொல்லை நானும் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், தொண்ணூறுகளின் நடுவில், மாண்ட்ரியலில். அதனால் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு எழுதிவிடுகிறேன். கருவியை இயக்கக் கையேடு இருக்கிறது, அதை நீங்களே படித்துக்கொள்வீர்கள். இதற்கு யாரும் கையேடு எழுதவில்லை.

அப்போது நான் அங்கே ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம். அடித்தளத்தில், அதிர்வு வராதபடி தனி மேடை கட்டி, ஒரு எலக்ட்ரான் நுண்ணோக்கி வைத்திருந்தார்கள். ஒரு நானோமீட்டர் அகலமுள்ள கற்றையை மாதிரியின்மேல் ஒரு புள்ளியில் நிறுத்தி, அந்தப் புள்ளியில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று எக்ஸ்-கதிரை வைத்துச் சொல்லிவிடலாம். இன்று உங்களுக்கு இது சாதாரணம். அன்று அந்த ஊரில் அப்படி இயக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருத்தி நான். திருச்சியில் படித்து, வேறு இரண்டு ஊர்களில் தேய்ந்து, ஒருவழியாக என் கைக்கு வந்த கருவி அது. கர்வம் இருந்தது. மறைக்க மாட்டேன்.

ஒரு பெரிய எந்திர நிறுவனத்திலிருந்து எங்களுக்கு ஒரு வேலை வந்தது. அவர்களுடைய சோதனை எந்திரத்தில் சில நிக்கல் கலவை போல்ட்டுகள் முறிந்துவிட்டன. முறிந்த இடத்தைப் பார்த்தால், உலோகத்தின் படிக மணிகள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகளில் வரிசை வரிசையாக நுண்துளைகள். அந்தத் துளைகளைச் சுற்றி என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேள்வி.

ஆனால் பதிலுக்குப் பின்னால் மனிதர்கள் இருந்தார்கள். துளைகளைச் சுற்றிக் கந்தகம் இருந்தால், உலோகம் வார்க்கும்போதே அழுக்காக இருந்தது என்று பொருள். அப்படியானால் குற்றம் வார்ப்பாலையுடையது. நகரின் லாசால் பகுதியில் இருந்த சின்ன வார்ப்பாலை அது. நாற்பது ஐம்பது பேர் வேலை செய்த இடம். கந்தகம் இல்லை என்றால், பிறகு உலோகத்தைச் சூடேற்றிப் பதப்படுத்திய உலையைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த உலை எங்கள் வாடிக்கையாளருடையது. எந்தப் பதில் வந்தால் யாருக்கு நிம்மதி என்று எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாதிரிகளை மெலிதாக்கியவர் தவராசா. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் பதினொரு வருடம் வேதியியல் கற்பித்தவர். இங்கே அகதியாக வந்து, மூன்று வருடம் எங்கெங்கோ தட்டுக் கழுவி, பிறகு எங்கள் நிறுவனத்தில் தற்காலிக டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் தொங்கிய அட்டையில் அவர் பெயரை 'ராஜா' என்று சுருக்கிப் போட்டிருந்தார்கள். "முழுப் பேரும் அட்டையில கொள்ளாதாம்" என்று ஒருமுறை சிரிக்காமல் சொன்னார். எங்கள் இயக்குநரின் பெயர் அதைவிட நீளம். அது அட்டையில் கொண்டது.

தவராசா உலோக வட்டைக் குளிர்ந்த கந்தக அமிலக் கரைசலில் தொங்கவிட்டு, மின்சாரம் பாய்ச்சி, எலக்ட்ரான் ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்குவார். வேறு யார் செய்தாலும் பத்தில் மூன்று தேறும். அவர் செய்தால் பத்தும் தேறும். அவர் கை சுத்தத்தை நான் எல்லோரிடமும் புகழ்வேன். கையைத்தான் புகழ்ந்தேன். அந்தக் கைக்கு மேலே ஒரு தலை இருப்பதை நான் கவனித்ததாகத் தெரியவில்லை.

முதல் வாரத்திலேயே கந்தகம் கிடைத்துவிட்டது.

கற்றையைத் துளையின் விளிம்பில் வைத்தேன். திரையில் நிறமாலைக் கோட்டில் கந்தகத்தின் உச்சி எழுந்தது. பத்து நானோமீட்டர் தள்ளி வைத்தேன், இல்லை. மறுபடி விளிம்பில், மறுபடி எழுந்தது. ஒரு டஜன் துளைகளில் பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்படியே. மாலிப்டினமும் கந்தகமும் நிறமாலையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் தெரியும், ஒன்றை மற்றொன்று என்று நினைத்துவிடலாம், உங்களுக்குத் தெரியும். இந்தக் கலவையில் மாலிப்டினம் கிடையாது. அதைச் சரிபார்த்துவிட்டேன். சரிபார்த்துவிட்டோம் என்ற அந்தத் திருப்தி இருக்கிறதே, அதைப்போல ஆளைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை. ஒரு கதவைப் பூட்டிவிட்டு வீடே பத்திரம் என்று படுத்துக்கொள்கிறோம்.

இயக்குநர் அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். நான் அங்கே சேர்ந்த நாலு வருடத்தில் அதுதான் முதல் தடவை. திரையைப் பார்த்தார். "போன், போன்" என்று பிரெஞ்சில், நல்லது நல்லது என்று தலையாட்டினார். "இதை வைத்து அவர்களோடு ஐந்து வருட ஒப்பந்தமே போடலாம்" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வேண்டும் என்றார்.

அன்று மதியம் தவராசா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"டொக்டர், ஒரு விசயம் கதைக்கலாமோ?"

"சொல்லுங்க."

"அந்தக் கந்தகம்... அது உலோகத்தில இருந்ததெண்டு நான் நினைக்கேல்லை. அது என்ர அமிலம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இட்லியை மெல்லிசா வெட்டினா என்ன நடக்கும்?" என்றார். "சில ஓட்டையள் வெட்டுப்பட்டுத் திறந்துபோகும். சிலது உள்ளுக்கை மூடினபடி கிடக்கும். திறந்த ஓட்டைக்குள்ள அமிலம் போய் நிண்டிடும். நான் எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது. நீங்கள் பாத்ததெல்லாம் திறந்ததோ மூடினதோ?"

"ஒரு டஜன் துளை பார்த்திருக்கேன் தவராசா. எல்லாத்துலயும் இருக்கு."

"எந்த இடத்தில பாத்தனீங்கள்? ஓரத்திலயோ?"

ஓரத்தில்தான். படலத்தின் மிக மெல்லிய ஓரத்தில்தான் நிறமாலை சுத்தமாக வரும். எல்லோரும் அங்கேதான் அளப்பார்கள். அந்த இடத்தில் படலமே துளையின் குறுக்களவைவிட மெலிது. ஆகவே அங்கே இருக்கிற துளை ஒவ்வொன்றும் திறந்துதான் இருக்கும். இதை இப்போது ஒரு வரியில் எழுதிவிட்டேன். அன்று அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் மண்டையில் இது ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் அறிவுக்குறைவு இல்லை. கேட்டவர் யார் என்பதுதான் காரணம்.

"அளக்கிறது என் வேலைங்க" என்றேன். "நீங்க மாதிரியை மட்டும் பாத்துக்குங்க."

அவர் போய்விட்டார். மறுநாள் காலையில் இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொண்டுவந்து கொடுத்தார். "இதை வாசிச்சுப்போட்டு டிரெக்டரிட்டையும் குடுங்கோ" என்றார்.

முதல் பத்தியில் இப்படி எழுதியிருந்தார்: லாசால் வார்ப்பாலையில் என் அக்காவின் கணவர் வேலை செய்கிறார். இதை நான் முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன். ஆகவே கீழே சொல்லும் சோதனைகளை என்னை விட்டு வேறு யாராவது செய்யட்டும்.

நான் அந்தப் பத்தியோடு நிறுத்திவிட்டேன். 'ஓ, அதுதான் விஷயமா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு மனிதர் தன் நேர்மையைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறார்; நான் அதை அவருடைய உள்நோக்கம் என்று படித்தேன். படித்துவிட்டு மாடிக்குப் போய் இயக்குநரின் மேசைமேல் வைத்தேன். போகிற போக்கில் ஒன்று சொன்னேன் பாருங்கள்: "பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் வெறும் மாதிரி தயாரிப்பவர்."

இயக்குநரும் முதல் பத்தியைத்தான் படித்தார்.

வெள்ளிக்கிழமை அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். வாடிக்கையாளருக்குப் பேக்ஸ் போனது. திங்கட்கிழமை காலை இயக்குநர் அறைக்கு என்னை அழைத்தார்கள். அலுவலக நிர்வாகத்திலிருந்து ஒரு பெண் இருந்தார். தவராசா எதிரே உட்கார்ந்திருந்தார். நல்ல சட்டை போட்டு வந்திருந்தார்; கடிதத்தைப் பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். ஒருவிதத்தில் அதுவும் உண்மைதான்.

இயக்குநர் அந்தக் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். "உங்கள் உறவினர் அந்த வார்ப்பாலையில் வேலை செய்வதை நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார்.

"ஒப்புக்கொள்ளவில்லை" என்றார் தவராசா, நிதானமான ஆங்கிலத்தில். "தெரிவித்தேன். இரண்டும் வேறு."

"சுயநலத்துக்காக ஆய்வு முடிவை மாற்றப் பார்த்திருக்கிறீர்கள்."

"சோதித்துப் பாருங்கள் என்றுதான் எழுதினேன். மாற்றுங்கள் என்று எழுதவில்லை. இரண்டாம் பக்கத்தைப் படித்தீர்களா?"

இயக்குநர் படிக்கவில்லை. படித்ததாகப் பாவனை செய்யக்கூட அவர் மெனக்கெடவில்லை. தவராசா என் பக்கம் திரும்பினார். நான் மேசையைப் பார்த்தேன். நல்ல மேப்பிள் மரம். அதன் ரேகைகளை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். அவ்வளவு நேரம் பார்த்தேன். நானும் படிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது. அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கழற்றி வைத்துவிட்டு, "மெர்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். யாருக்கு நன்றி, எதற்கு நன்றி? அந்த நாகரிகத்துக்கு அந்த அறையில் இருந்த நாங்கள் யாரும் லாயக்கில்லை.

மூன்று வாரத்துக்குள் வாடிக்கையாளர் வார்ப்பாலைக்குக் கொடுத்த வேலையை நிறுத்திவிட்டார். அங்கே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் உண்மை என்றால் கசக்கத்தான் செய்யும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். உண்மையைக் கண்டுபிடித்தவர்களுக்குச் சொந்தமான வாக்கியம் அது. நான் திருடிப் பயன்படுத்தினேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். கத்திரிக்காய் வாங்கலாம் என்று ஒரு கடையில் நின்றேன். முட்டைக்கோஸ் பெட்டிகளை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். தவராசா.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஓடவில்லை. அதற்காகப் பெருமைப்படவும் இல்லை. கூட்டம் அதிகம், வழி இல்லை.

"எப்படி இருக்கீங்க?" என்றேன். முட்டாள்தனமான கேள்வி.

"இருக்கிறன்." பெட்டியைக் கீழே வைத்தார். "அத்தானுக்கு வேலை போயிட்டுது. பன்ரண்டு வருசம் வார்ப்பாலை உலைக்கு முன்னால நிண்டவர். அழுக்கு உலோகம் உருக்கினவரெண்டு நீங்கள் எழுதிப்போட்டீங்கள்."

"நான் அளந்ததைத்தான் எழுதினேன்."

"ஓம். அளந்ததைத்தான் எழுதினீங்கள்." அவர் குரல் உயர்ந்தது, பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "அளக்காததை ஏன் அளக்கேல்லை எண்டுதான் நான் கேக்கிறன். மூடின ஓட்டை ஒண்டு, ஒரேயொரு ஓட்டை பாத்தனீங்களோ?"

"மூடினது எது, திறந்தது எதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

கோபம் போய் அவர் முகத்தில் வேறேதோ வந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

"அதைத்தானே ரெண்டாம் பக்கத்தில எழுதினனான் டொக்டர்" என்றார். "நீங்களும் வாசிக்கேல்லையோ?"

கத்திரிக்காய் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக இயக்குநரின் செயலாளரிடம் கோப்பைக் கேட்டு வாங்கினேன். இரண்டாம் பக்கம் மடிப்புக்கூட விழாமல் புதிதாக இருந்தது. அதில் இரண்டே சோதனைகள். ஒன்று: படலத்தைச் சற்றுச் சாய்த்து ஒரே இடத்தை இரண்டு முறை படமெடுங்கள். எந்தத் துளை மேற்பரப்பில் இருக்கிறது, எது நடுவில் புதைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்; தனித்தனியே அளந்து ஒப்பிடுங்கள். இரண்டு: அமிலமே தொடாமல், ஆர்கான் அயனிகளைக் கொண்டு இன்னொரு மாதிரியை மெலிதாக்குங்கள். அதிலும் கந்தகம் இருந்தால் நான் சொன்னது தவறு, மன்னிப்புக் கேட்கிறேன். இப்படி முடித்திருந்தார்.

படித்தபோது எனக்கு வெட்கத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. இதில் புரியாதது என்ன இருக்கிறது? இரண்டாம் ஆண்டு மாணவருக்குப் புரியும். இதைப் படிக்க ஐந்து நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்து இத்தனை வீடுகளில் அடுப்பை அணைத்திருக்கிறோம்.

சாய்த்து அளக்கும் சோதனைக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது. தடித்த பகுதியில், நடுவில் புதைந்த துளைகளைத் தேடிப் பிடித்தேன். நிறமாலையில் இரைச்சல் அதிகம், ஒவ்வொன்றிலும் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கந்தகம் இல்லை. அடுத்தது, இல்லை. அடுத்ததும் இல்லை. அதே படலத்தில் திறந்த துளைக்குப் போனேன்; கந்தகம் மலைபோல் எழுந்தது. ஆர்கான் மாதிரி தயாராக ஐந்து நாள் ஆனது. அதில் திறந்தது மூடியது எதிலும் கந்தகத்தின் சுவடே இல்லை. துளைகளைச் சுற்றிக் குரோமியம் மட்டும் குறைந்திருந்தது. பதப்படுத்திய வெப்பம் தவறியிருந்தாலும் அப்படி ஆகலாம். ஆகலாம் என்பதோடு நான் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பாடம் அதற்குள் எனக்கு வந்துவிட்டது.

இயக்குநரிடம் போனேன். இரண்டு நிறமாலைகளையும் பக்கம் பக்கமாக வைத்தேன். பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, அதுதான் என்னால் மன்னிக்க முடியாதது. புரியாதவரை மன்னித்துவிடலாம்.

"அறிக்கை போய்விட்டது" என்றார். "அவர்களும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆராய்ச்சி என்றால் இரண்டு கருத்து இருக்கும்தானே."

"இது கருத்து இல்லை. துளை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதில் கருத்துக்கு என்ன இடம்?"

"அடுத்த வருடம் ஒரு தொழில்நுட்பக் குறிப்பு எழுதுங்கள். பொதுவாக, இந்த வேலையைக் குறிப்பிடாமல்."

"அடுத்த வருடம்வரை அந்த வார்ப்பாலை இருக்காது."

அவர் பேனாவை மூடினார். "இதை நீங்கள் வெளியே அனுப்பினால், அந்தக் கருவியை யார் இயக்குவது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

உங்களுக்கு என் வீரத்தைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அன்று முழுவதும் நான் பயந்தேன். கருவியை இழப்பது எனக்கு உயிர்ப் பயம் மாதிரி. அனுப்பாமல் இருப்பதற்கு எத்தனை காரணங்கள் தோன்றின தெரியுமா! ரகசிய ஒப்பந்தம், மேலதிகாரியின் உத்தரவு, பள்ளியில் படிக்கிற என் இரண்டு பிள்ளைகள். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்தது இயக்குநரின் கையெழுத்து இல்லை, என்னுடையது. பொய்யாகிப்போன ஒரு தாளில் என் பெயர் இருக்கிறது, அதைத் திரும்பப் பெற எனக்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

வார்ப்பாலைக்கு நான் எதுவும் அனுப்பவில்லை. அது எனக்கு உரிமை இல்லாத விஷயம். திருத்தம் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு, எங்கள் அறிக்கையை வாங்கிக்கொண்ட வாடிக்கையாளரின் பொறியாளரிடமே நேரில் போனேன். ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்த மனிதர். திருத்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். ஒரு பக்கத்தைக்கூட விடவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

"உங்கள் இயக்குநருக்கு இது தெரியுமா?"

"தெரியும். அனுப்ப வேண்டாம் என்றார்."

"முதலில் சந்தேகப்பட்டது யார்?"

தவராசாவின் முழுப் பெயரையும் சொன்னேன்.

"அவரோடு பேசலாமா?"

"முடியாது. இதைச் சொன்னதற்காகத்தான் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்."

அவர் கோப்பை மூடி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ பிடித்து பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போனேன். தவராசா அக்கா வீட்டில், மூன்றாம் மாடியில் இருந்தார். கதவைத் திறந்தவர் அத்தான். தோள் அகன்ற, காதோரம் நரைத்த மனிதர்.

"நீங்கள்தானோ கந்தகம் எழுதினவ?" என்றார்.

"ஆமாங்க. அது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"தப்பெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "நான் உருக்கின உலோகம். எனக்குத் தெரியாதோ? என்னை ஆரும் கேக்கேல்லை. ஆரும்." வாசலை விட்டு அவர் நகரவில்லை. உள்ளேயிருந்து தவராசா, "அத்தான், அவவை உள்ளுக்கு விடுங்கோ" என்றார். விட்டார். தேநீர் வந்தது. நான் சோதனையின் முடிவுகளைச் சொன்னேன். தவராசா நிறமாலைகளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஆர்கானுக்கு எத்தினை நாள் பிடிச்சது?" என்று கேட்டார். ஐந்து என்றேன். "நான் செய்திருந்தா மூண்டு" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீளமாகச் சொன்னால் எனக்கு மறுபடி கொதிக்கும். வாடிக்கையாளர் தன் உலையைப் பரிசோதித்தார். என்ன கண்டார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் வார்ப்பாலைக்கு வேலை திரும்பக் கிடைத்தது. போனவர்களில் பெரும்பாலோரைக் கூப்பிட்டார்கள், அத்தானும் போனார். யாரிடமிருந்தும் யாருக்கும் ஒரு வருத்தக் கடிதம் வரவில்லை. என்னைக் கருவியிலிருந்து விலக்கி எட்டு மாதம் பாதுகாப்பு விதிகளைத் தொகுக்க வைத்தார்கள். என் இடத்துக்கு வந்தவருக்கு அதை நிலையாக இயக்க முடியாததால்தான் திரும்பக் கூப்பிட்டார்கள், நியாயத்தால் இல்லை. இயக்குநர் பதவி உயர்வு பெற்று ஒட்டாவாவுக்குப் போனார். அவரது பிரிவு விருந்தில் நேர்மையைப் பற்றிப் பேசினார்கள்.

தவராசாவின் வேலை 'நீக்கப்பட்டுவிட்டது' என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதே வேலைக்கு வேறு பெயரில் விளம்பரம் வந்தது. நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடினேன். விண்ணப்பியுங்கள், நான் சிபாரிசு எழுதுகிறேன் என்றேன்.

"ஒருக்கா காணும் டொக்டர்" என்றார். ஒருமுறை பட்டதே போதும் என்று பொருள்.

ஆனால் வேறொன்றுக்கு ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளரின் உலோகத்தைத் தொடாமல், நாங்களே துளைகளை உண்டாக்கிய வேறொரு நிக்கல் துண்டில் இதே சோதனையைச் செய்து, ஒரு கட்டுரை எழுதுவது என்று முடிவெடுத்தோம். அளந்தது நான். யோசித்ததும் எழுதியதும் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மூன்றாம் மாடியில், சமையலறை மேசையில் எழுதினோம். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

முதல் ஆசிரியராக அவர் பெயர், முழுப் பெயர். பெயருக்குக் கீழே பணியிடம் போட வேண்டும். என்ன போடுவது என்று தயங்கிக் கேட்டேன்.

"நான் எங்கை வேலை செய்யிறன்? அதைப் போடுங்கோ. வெக்கப்பட வேண்டியது நானில்லை."

ஜான்-டலோன் சந்தை, மாண்ட்ரியல் என்று போட்டோம். இதழிலிருந்து கடிதம் வந்தது: முகவரியில் பிழை நேர்ந்திருக்கிறதா? பிழை இல்லை என்று எழுதினேன். எங்கள் நிறுவனத்திலிருந்து, என் பெயருக்குக் கீழே நிறுவனத்தின் பெயரும் அவர் பெயருக்குக் கீழே சந்தையின் பெயரும் வருவது 'பொருத்தமாக இல்லை' என்று ஒரு குறிப்பு வந்தது. அதைக் கிழித்துப் போட்டேன். என் பணிக்காலத்தில் அலுவலகத் தாளை நான் கிழித்தது அந்த ஒரு தடவைதான். நன்றாக இருந்தது.

அச்சான பிரதி வந்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தவராசா கையைத் துடைத்துக்கொண்டு, சாக்குக்கூடாரத்தின் கீழே ஒரு ஆப்பிள் பெட்டிமேல் உட்கார்ந்து படித்தார். தன் பெயரில் கண் நின்றதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஏதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று.

"மூண்டாம் படத்தில அளவுக்கோடு பிழை டொக்டர்" என்றார். "இருபது நானோமீட்டர் எண்டு கிடக்குது. பத்தெல்லோ?"

அந்தப் படத்தை நான் நாலு தடவை சரிபார்த்திருந்தேன். அதைச் சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. அங்கிருந்து நேராக நிறுவனத்துக்குப் போய், அடித்தளத்தில் இறங்கி, மூலப்படத்தை எடுத்து அளந்து பார்த்தேன். பத்துதான்.

திருத்தத்தை அன்று மாலையே தபாலில் சேர்த்தேன்.